மு என்றால், பி என்றால்

அநியாயம் இழைக்கப்பட்டவர் பாண்டியம்மாள், எங்கள் விடுதிச் சமையற்கட்டில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவர். இழைத்தவள் மேகலா, முதுகலை அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு, அறை எண் முப்பத்திரண்டு, அதாவது நான். இழைத்த விதம், மூன்று பக்கக் கடிதம், நாற்பத்தாறு கையெழுத்து. பல் வலிக்கிறது என்று எனக்காகத் தனியாகக் குழைய வடித்து அவர் பிசைந்து கொடுத்த மோர்ச்சோற்றைக் கெட்டுப்போன உணவு என்று எழுதினேன்; பதினோரு நாளாக அவருக்கு வேலை இல்லை. இப்படி நறுக்கென்று சொல்ல எனக்கு நன்றாக வரும், மேடையில் ஏறினால் கைதட்டல் வாங்குகிற அளவுக்கு வரும். ஆனால் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வார்டன் அறைக்கு வெளியே இந்த மர பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், மணி பத்து நாற்பது, விசாரணை பதினொன்றுக்கு, எதிர்ச் சுவரில் அறிவிப்புப் பலகை, அதில் என் கையெழுத்திலேயே ஒரு தாள், பேச்சு மன்றக் கூட்டம், வெள்ளிக்கிழமை, பி.ப. 4.00. அந்த பி.ப.வை விட்டுக் கண் நகரமாட்டேன் என்கிறது. எழுந்து போய்க் கிழித்துவிடலாம், இரண்டு எட்டுதான், ஆனால் எழுந்தால் வயிறு என்ன செய்யும் என்று தெரியவில்லை, தொப்புளுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஒரு இடம், அங்கே யாரோ ஊதுபத்தியை அழுத்தி அணைக்கிற மாதிரி ஒரு சுரீர், பிறகு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நினைத்து முடிப்பதற்குள் மறுபடி.

என் கையில் மாத்திரைக் கவர். காலையில் எட்டரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்து மருந்துக் கடையில் வாங்கியது. அந்த அக்கா இந்த முறை கவரில் சுருக்கி எழுதவில்லை, சின்னப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி கொட்டை எழுத்தில் ‘சாப்பாட்டுக்கு முன்பு’ என்று முழுசாக எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறார். கோடு எதற்கு? கோடு எனக்காக. பல் மறுபடி தெறித்ததால் பழைய சீட்டையே நீட்டினேன். போன தடவை குடுத்தது கேட்டுச்சா என்றார். வலி கேட்டுச்சு, வயிறுதான் ரெண்டு வாரமா ஒரே எரிச்சல், வாந்தி, அப்புறம் வயித்தால வேற போச்சு என்றேன், கடைசியை மட்டும் குரலைத் தாழ்த்தி. வெறும் வயித்துல போட்டீங்களா? இல்லையே, நீங்க எழுதினபடிதான் போட்டேன், பிற்பகல்ல. என்னது? பிற்பகல்ல, பன்னெண்டரைக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு, கவர்ல ரெண்டு வேளைன்னு போட்டுப் பக்கத்துல பி-ன்னு எழுதியிருந்தீங்களே, இன்னொண்ணுல மு, அதை முற்பகல்ல, டிபன் முடிச்சு ஒரு பத்து மணிக்கு. அவர் பேனா நின்றது. என் பின்னால் நின்றவர்களும் நின்றார்கள், அதாவது ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் காதாலும் நின்றார்கள். ஏம்மா, பி-ன்னா சாப்பாட்டுக்குப் பின்னாடிம்மா, மு-ன்னா முன்னாடி, கேஸ் மாத்திரையை முன்னாடி போட்டு, சாப்பிட்டு, அதுக்கு மேலதானே வலி மாத்திரையைப் போடணும், நீங்க ரெண்டையும் தலைகீழாப் போட்டிருக்கீங்களே, வயிறு புண்ணாகாம என்ன செய்யும். நான் உடனே, நிஜமாகவே உடனே, மூச்சு விடுவதற்கு முன்னால், நீங்க முழுசா எழுதியிருக்கணும், ஒத்த எழுத்தை வச்சு ஜனங்க எப்படிப் புரிஞ்சுக்குவாங்க என்று ஆரம்பித்தேன். ஜனங்க! அவர் அமைதியாக, வாயால சொன்னேனேம்மா, நீங்க போன்ல யார்கூடவோ சண்டை போட்டுக்கிட்டே கேட்டீங்க, தலையை வேற ஆட்டினீங்க என்றார். இருமல் மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருத்தர், பாப்பா காலேஜாம்மா படிக்குது என்று கேட்டார். ஆமா என்று சொன்னது நானா கடைக்கார அக்காவா, நினைவில்லை. பிறகு அந்த அக்கா கேட்ட கேள்விதான் இன்னும் காதுக்குள் இருக்கிறது, வெளிக்குக் கறுப்பாப் போகுதா? அத்தனை பேர் நடுவில், துணிக்கடையில் கலர் கேட்பது மாதிரி. இல்லை என்றேன். பார்த்து சொல்லுங்கம்மா, கறுப்பா இருந்தா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், வலி மாத்திரை இனி என்கிட்ட கேக்காதீங்க, இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நான் பார்க்கவேயில்லை. பார்க்காமலே இல்லை என்றேன். பார்க்காமல், கேட்காமல், உறுதியாகச் சொல்வதுதான் எனக்குப் பழக்கமாயிற்றே.

மதுரையில் எத்தனை லட்சம் பேர் அந்த மு-வையும் பி-யையும் வாங்கிப் போகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், தமிழ் தெரியாமல் ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள், மு.ப., பி.ப. என்று அறிக்கை எழுதி எழுதிக் கை பழகிய ஒருத்திக்கு மட்டும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அன்றைக்கு போனில் என்ன சண்டை? பட்டிமன்றத்துக்கு என்னை எந்த அணியில் போடுவது என்று. எதிரணியில் போட்டால் வரமாட்டேன் என்று கத்திக்கொண்டே அந்தக் கவர்களை வாங்கிப் பையில் போட்டேன். சிரிப்பாக இருக்கிறது. இல்லை, சிரிக்கிற மாதிரி தொடங்கி வயிற்றுக்குள் போய் வேறு ஏதோவாக ஆகிறது. வாயில் புளிப்பு ஏறுகிறது. விழுங்குகிறேன். கீழே கடைசிக் கழிப்பறை வரைக்கும் இங்கிருந்து எத்தனை அடி என்று என் கால்களுக்குத் தெரியும், இந்தப் பதினைந்து நாளில் அளந்துவைத்திருக்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை. வெள்ளியிலிருந்தே மாத்திரை, கன்னம் பன்னாக வீங்கி, வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. ஞானப்பல் முளைக்கிறதாம். என் அறைத்தோழி ஷாகிரா, ஞானம் வர்றதுக்கே இவ்வளவு அலறுறியே, வந்துட்டா என்னடி செய்வ என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். மத்தியானம் கோழி, மெல்ல முடியாது என்று சாப்பாட்டுக்கே போகவில்லை, ஆனால் பன்னிரண்டரைக்கு மாத்திரை தவறவில்லை, நாலு மணிக்கும் தவறவில்லை, ஒழுங்கானவள் நான். காலையில் தின்ற ஒற்றை இட்லிக்கு மேல் இரண்டு வலி மாத்திரை. சாயங்காலம் பாண்டியம்மாக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தார், மூட்டுவலிக்காரர், ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்ஸ். மத்தியானம் உன் தட்டைக் காணோமே, பட்டினி கிடந்தா பல்வலி போயிருமா பாப்பா, இந்தா, குழைய வடிச்சேன், கடிக்க வேண்டாம், அப்படியே முழுங்கு. இஞ்சி தட்டிப் போட்டு, உப்பு கொஞ்சம் தூக்கலாக. அது மெனுவில் இல்லாதது, அரிசி தனியாக எடுத்ததற்கு அவர் திட்டு வாங்கியிருக்கக்கூடும். நான் கட்டிலில் சாய்ந்தபடி சாப்பிட்டேன், தேங்க்ஸ்க்கா என்றேன் வாய் கோணி, அவர் சிரித்து, பேச்சுக்காரிக்கு வாய் போச்சே, விடுதி நாலு நாளைக்கு நிம்மதியா இருக்கும் என்றார். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு சின்னக் கோபம் வந்தது. இதை இதற்கு முன் நான் நினைத்துப் பார்க்கவில்லை. வந்தது. அந்த நொடியில், சோறு இன்னும் வாயில் இருக்கும்போது. பிறகு எட்டு மணிக்குக் கைகழுவும் தொட்டியில் எல்லாம் வெளியே வந்தது, வெள்ளை வெள்ளையாகச் சோறு, இஞ்சித் துணுக்கு, நாலைந்து பேர் தட்டோடு வரிசையில் நின்று பார்க்கிறார்கள், யாரோ ஐயே என்றார்கள். அந்த ஐயே-க்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் உடம்பு அசிங்கம் பண்ணவில்லை, எனக்கு அசிங்கம் பண்ணியிருக்கிறார்கள். மோர் கெட்டுப்போயிருக்கு என்றேன் வாயைத் துடைத்துக்கொண்டு. சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. சொன்ன பிறகு அது உண்மையாகவும் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள்: விடுதியில் கெட்டுப்போன மோர் வழங்கி உணவு நஞ்சாதலுக்குக் காரணமான சமையல்காரர் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல் தொடர்பாக. உணவு நஞ்சாதல். பாடப்புத்தகச் சொல், அழகான சொல் என்று நினைத்து அடிக்கோடிட்டேன். ஷாகிராதான் முதலில் கேட்டாள், மோர் எல்லாரும்தானேடி ஊத்திக்கிட்டோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. அதற்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன, ஒவ்வொருவரின் எதிர்ப்புச் சக்தியும் வேறு, எனக்குக் கொடுத்தது தனிப் பாத்திரத்து மோர், பாதிக்கப்பட்டவர் ஒருவரே ஆனாலும் குற்றம் குற்றமே. மூன்றாவதில் அவள் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது எங்கள் மேடைப் பழக்கம். ஆறிலிருந்து ஏழு மணிக்குள் அறை அறையாக ஏறி இறங்கினேன், ஒரு கை வயிற்றில், ஒரு கையில் தாள், அந்த வயிற்றுக் கையே பாதிக் கையெழுத்தை வாங்கித் தந்தது என்று நினைக்கிறேன். மிச்சப் பாதியை விடுதியின் தண்ணீர்ச் சாம்பார் வாங்கித் தந்தது. செவ்வாய்க்கிழமை பாண்டியம்மாக்கா வரவில்லை. வார்டன் மேடம் விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஜெயித்துவிட்டோம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட, நான் கை தூக்கின படம் ஒன்றைப் போட்டேன். பன்னிரண்டரைக்கு மாத்திரை போட்டேன். எரிந்தது. பாண்டியம்மாக்கா இல்லாத புதன்கிழமை எரிந்தது, அவர் கை படாத சோற்றைத் தின்ற வியாழக்கிழமை இரண்டு முறை ஓடினேன். குற்றவாளி விடுதியிலேயே இல்லாதபோது குற்றம் எப்படித் தொடர்ந்து நடக்கும்? இதை எதிரணியில் யாராவது கேட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். கேட்க யாரும் இல்லை. நஞ்சின் பின்விளைவு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு படுத்துக்கொண்டேன்.

பத்து ஐம்பது. சரி, யோசி. கடிதத்தில் கோரிக்கைகள் ஏழு. இரண்டாவது, குடிதண்ணீர்த் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். மூன்றாவது, வண்டு விழுந்த ரவை. நான்காவது, விடுதிச் சாப்பாட்டுக் காண்ட்ராக்டரின் அரிசி மூட்டையை மாணவிகள் முன்னிலையில் பிரிக்க வேண்டும். ஏழு வரைக்கும் அத்தனையும் சத்தியம், வண்டை நானே எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். முதலாவது மட்டும்தான் பொய். முதலாவதை உருவினால் மிச்ச ஆறும் சரியும், மேடம் சிரிப்பார்கள், மாத்திரையை ஒழுங்கா முழுங்கத் தெரியாதவங்க தண்ணித் தொட்டியைப் பத்திப் பேச வந்துட்டாங்க என்று, கையெழுத்துப் போட்ட மற்ற நாற்பத்தைந்து பேரும் என்னைப் பார்ப்பார்கள், பேச்சு மன்றத்தில் அடுத்த முறை என் பெயரைச் சொல்லும்போது பின்வரிசையில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக் காட்டுவாள். ஆகவே பொது நன்மையைக் கருதி. ஆகவே. இந்த ஆகவே எங்கிருந்து வருகிறது என்று பார், மேகலா, இது வயிற்றிலிருந்து வரும் புளிப்பு மாதிரியேதான் வருகிறது, நான் கூப்பிடாமல். முறையாக விசாரித்தால் அவரைத் திரும்ப எடுத்துவிடத்தான் போகிறார்கள், நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று ஒன்று. திறக்காவிட்டால் காண்ட்ராக்டர் தன் ஆளைப் போட இதுதான் சாக்கு என்று ஒன்று, அது எனக்கு நன்றாகத் தெரியும், ரவையில் வண்டு விட்டவன் பத்திரமாக இருக்கிறான், என் கடிதம் அவன் பெயரைத் தொடக்கூட இல்லை, மூட்டுவலிக்காரரின் பெயரை மட்டும் முதல் வரியில் போட்டேன். ஏனென்றால் அவர் பெயர் எனக்குத் தெரியும். காண்ட்ராக்டரின் பெயர் தெரியாது. விசாரித்து எழுத நேரமில்லை, கோபம் சூடாக இருந்தது. கறுப்பாகப் போகுதா. மத்தியானம் ஷாகிரா டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறாள், அவளிடமும் காரணம் சொல்லவில்லை, பல்லுக்கு என்றுதான் சொன்னேன். ரத்தம் கசிந்தால் நான் செத்துப்போவேனா? செத்தால் கடிதம் அப்படியே நிற்கும். மோரால் செத்தாள் என்பார்கள். என் சாவே அவருக்கு எதிரான சாட்சியாக ஆகும். இதை நினைத்ததும் கவர் கைக்குள் கசங்கிவிட்டது.

படியில் ஸ்ஸ். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நிமிர்ந்து பார்க்காமலே தெரியும். ஒரு படி, ஸ்ஸ், இன்னொரு படி. பாண்டியம்மாக்கா சமையற்கட்டு நைட்டியில் இல்லை, எங்கேயோ கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை, மடிப்புக் கலையாமல், நெற்றியில் விபூதி, கையில் ஒரு மஞ்சப்பை. பெஞ்சில் நான் நகர்ந்து இடம் விட்டேன். பெரிய இடம், நான்கு பேர் உட்காரலாம். அவர் அந்தக் கடைசியில் உட்கார்ந்தார். வாங்கக்கா என்று பாதி எழுந்தேன். உக்காருங்க, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க என்றார். நீங்க. இரண்டு வருடமாக நீ, பாப்பா, ஏ கழுத, பேச்சுக்காரி. இப்போது நீங்க. கடையில் அத்தனை பேர் முன்னால் கேட்ட அந்தக் கேள்வியைவிட இது கீழே போய்ப் பிடித்தது.

நல்லாயிருக்கீங்களாக்கா?

இருக்கேன்.

மின்விசிறி டொக் டொக்கென்று தலைக்கு மேலே. பேச்சு மன்றக் கூட்டம், பி.ப. 4.00. மேடையில் ‘அவையோரே’ என்று ஆரம்பிப்பேன். இங்கே அவையோர் ஒரே ஒருவர், மஞ்சப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருக்கிறார், எனக்கு முதல் வார்த்தை வரவில்லை. வலது பக்கப் பல் தெறிக்கிறது, நல்லது, தெறிக்கட்டும்.

வார்டன் மேடம் அந்தத் தாளை எனக்குப் படிச்சுக் காட்டுனாங்க, என்றார் அவரே, பையைப் பார்த்தபடி. முழுக்க விளங்கலை. அந்த நஞ்சு மட்டும் விளங்குச்சு. எங்க தெருவுலயும் அதைத்தான் கேக்குறாங்க. புள்ளைகளுக்கு வெசம் வச்சியாமேன்னு. என் மகளோட மாமியார் போன் போட்டுக் கேட்டாங்க.

அக்கா, அது… நஞ்சாதல்னா அந்த அர்த்தம் இல்லக்கா, உணவு நஞ்சாதல்னா ஃபுட் பாய்சன், என்று சொல்லத் தொடங்கிவிட்டேன், பாதியில் என் குரலே எனக்குக் கேட்டது, காலையில் கடையில் கேட்ட அதே குரல், நீங்க முழுசா எழுதியிருக்கணும் என்று கத்திய குரல். இப்போதும் நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினேன். வாயில் ஏறிய புளிப்பை விழுங்கினேன்.

அக்கா. மோர் கெடலை.

அது எனக்குத் தெரியும்.

கவரை நீட்டினேன். நீட்டுவதற்கு வேறு எதுவும் என்னிடம் இல்லை. அவர் வாங்கி, தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார், சாப்-பாட்-டுக்கு முன்-பு. நான் சொன்னேன், இந்த முறை தீர்ப்பு இல்லாமல், ஆகவே இல்லாமல், பல்வலி மாத்திரையைச் சாப்பிடாமலே போட்டேன்க்கா, தினமும் ரெண்டு, கவர்ல பி-ன்னு போட்டிருந்தது, நான் பிற்பகல்னு நினைச்சேன், அன்னைக்கும் போட்டிருந்தேன், உங்க சோறு வர்றதுக்கு முந்தியே என் வயிறு புண்ணாயிருச்சு, இன்னைக்குக் காலையிலதான் தெரியும். அவர் கவரைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எங்க வீட்டுக்காரருக்கு சுகர் மாத்திரை, என்றார் மெதுவாக, எட்டு வருசமா மு, பி-ன்னுதான் எழுதித் தர்றாங்க. எனக்கே தெரியுமே. நீங்க ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல.

கேட்டிருக்கலாம். அந்தத் தட்டை நீட்டியபோது கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இரண்டு கவரும் கிடந்தன. மாத்திரை போட்டியா பாப்பா என்று அவர் கேட்டதுகூட இப்போது ஞாபகம் வருகிறது. போட்டேன்க்கா, அதெல்லாம் கரெக்டா போட்டேன் என்று நான்தான் சொன்னேன். முகம் காதுவரைக்கும் எரிகிறது, வயிற்றில் எரிவதும் முகத்தில் எரிவதும் ஒரே அடுப்புதானோ என்னவோ, பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளே மணி அடித்தது. அலுவலகப் பெண் கதவைத் திறந்து, மேகலா, பாண்டியம்மா, ரெண்டு பேரும் வாங்க, மேடம் கூப்பிடுறாங்க என்றாள். பாண்டியம்மாக்கா முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். நானும் எழுந்தேன், வயிறு சுருண்டது, நின்றேன். உள்ள போனதும் நானே மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன்க்கா, தப்பு என்மேலதான்னு சொல்லிடுறேன், நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் என்றேன். அவர் கதவுக்குப் போகாமல் நின்று என்னைப் பார்த்தார், வந்ததிலிருந்து முதல் தடவையாக நேராக. கவரை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

“சொல்ல வேணாம். எழுதிக் குடுங்க, அன்னைக்கு மாதிரியே மூணு பக்கம். அந்த நாப்பத்தாறு பேருகிட்டயும் ரூம் ரூமாப் போய்க் கையெழுத்து வாங்கிக் குடுங்க.”